பிலாரியாருக்கு ஒரு வாய்த் தண்ணீர்

மொந்தாலேனா ஊரைக் காக்கும் புனித பிலாரியார் பதினோரு நாளாக வெயிலில் நின்றுகொண்டிருந்தார். கழுத்தில் மாலை வேறு. பூமாலை என்று நினைத்துவிடாதீர்கள். மத்திக் கருவாட்டைக் கயிற்றில் கோத்த மாலை.

மழை பொய்த்தால் அந்த ஊரில் அதுதான் வழக்கம். கோயிலுக்குள் குளிர்ச்சியாக நிற்கிறவரைத் தோளில் சுமந்து வந்து, சதுக்கத்தின் நடுவில் இறக்கிவிடுவார்கள். எங்கள் தொண்டை காய்வது உமக்கும் தெரியட்டும் என்று உப்புக் கருவாட்டைக் கழுத்தில் மாட்டுவார்கள். மழை பெய்கிற வரை அவருக்கு உள்ளே இடமில்லை. பெய்துவிட்டால் உடனே மண்டியிட்டு மன்னிப்புக் கேட்டு, மரியாதையோடு கொண்டுபோய் வைத்துவிட வேண்டும். அந்த வருடம் பிப்ரவரிக்குப் பிறகு சிசிலியின் அந்த மூலையில் ஒரு சொட்டு விழவில்லை. பன்னிரண்டு நாளைக்கு ஒருமுறை குழாய் இருமும், கொஞ்சம் துப்பும், நின்றுவிடும். செப்டம்பர் பிறந்ததும் ஊராருக்குப் பொறுமை போய்விட்டது.

ஊரே மழை மழை என்று தவம் கிடக்க, மிம்மாவுக்கு மட்டும் வேறொரு வேண்டுதல். புதன்கிழமை சாயங்காலம் நாலு மணி வரைக்கும் மழை பெய்யக் கூடாது.

அவளைச் சொல்லியும் குற்றமில்லை. கீழே டிராப்பனி துறைமுகத்துக்கு உல்லாசக் கப்பல்கள் வந்து நிற்கும். இறங்குகிறவர்களை பஸ்ஸில் ஏற்றி ஒவ்வோர் ஊராகக் காட்டுவார்கள். எங்கள் மலைக்கும் ஒரு பஸ் அனுப்புங்கள் என்று மூன்று வருடமாகக் கப்பல் கம்பெனிக்குக் கடிதம் எழுதியிருந்தாள் மிம்மா. அதற்காகவே ராத்திரி பள்ளிக்குப் போய் ஆங்கிலமும் ஜெர்மனும் படித்தாள். கடைசியில் கம்பெனிக்காரர்கள் இறங்கி வந்து, ஒரே ஒரு பஸ், வெள்ளோட்டமாக, புதன்கிழமை என்றார்கள். வந்தவர்கள் திரும்பும்போது ஆளுக்கொரு தாளில் மதிப்பெண் போடுவார்கள். தேறினால் அடுத்த வருடம் முழுக்க பஸ் வரும், மிம்மாதான் வழிகாட்டி. தேறாவிட்டால் அந்த பஸ் பக்கத்து மலைக்குப் போய்விடும், மிம்மா ஜெர்மனிக்குப் போக வேண்டியதுதான். அங்கே ஸ்டுட்கார்ட்டில் அவள் தங்கை ஒரு சலவை நிலையத்தில் படுக்கை விரிப்பு மடிக்கிற வேலை பார்த்து வைத்திருந்தாள். மிம்மாவுக்கு நாற்பத்தேழு வயது. தங்கையோடு ஒரே கூரைக்கடியில் நாலு நாள் சேர்ந்தாற்போல இருந்து சண்டை போடாமல் திரும்பியதாகச் சரித்திரம் இல்லை.

கம்பெனிக்கு அவள் எழுதிக் கொடுத்த குறிப்பில் மூன்று விஷயங்கள் இருந்தன. வெயிலில் பொன்னாக மின்னும் மலையூர். மூன்று தீவுகளும் தெரியும் கடற்காட்சி. திராட்சைப் பந்தலடியில் விருந்து. மூன்றுமே வானத்தை நம்பி எழுதியவை.

அதனால் புதன்கிழமை விடியற்காலை, சதுக்கத்தில் ஆள் நடமாட்டம் இல்லாத நேரம் பார்த்து, ஒரு தம்ளர் தண்ணீரோடு பிலாரியார் முன்னால் போய் நின்றாள். அவர் உதடெல்லாம் உப்புப் பூத்து வெள்ளையாக இருந்தது. மர உதடுதான், இருந்தாலும் பார்க்கப் பாவமாக இருந்தது. கைக்குட்டையை நனைத்து அந்த உதட்டை ஒற்றித் துடைத்தாள்.

"மழை வேண்டாம்னு சொல்லல," என்றாள் மெதுவாக. "நாலு மணிக்கு மேல வெச்சுக்கோங்க. அதுவரைக்கும் இதக் குடிச்சிட்டுப் பொறுத்துக்கோங்க. நமக்குள்ளயே இருக்கட்டும்."

வெளியே நிறுத்தின புனிதருக்குத் தண்ணீர் காட்டுவது பெரிய குற்றம். கோயில் சபைக்குத் தலைவர் அவளுடைய தாய்மாமன் கலோஜெரோ. அவர் மட்டும் பார்த்திருந்தால் மருமகள் என்றும் பார்க்காமல் அவளுக்கும் ஒரு கருவாட்டு மாலை போட்டிருப்பார்.

பத்தரை மணிக்கு பஸ் வந்தது. இருபத்தெட்டுப் பேர். தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் அரைக்கால் சட்டையுமாக இறங்கினார்கள். வானம் துடைத்துவிட்ட தட்டு மாதிரி இருந்தது. மிம்மாவுக்கு வயிற்றில் பால் வார்த்தது. எல்லாரும் இறங்கின பிறகு கடைசியாக ஒருவர் இறங்கினார். முழங்கால் வரை மழைக்கோட்டு, ரப்பர் காலணி, கையில் பெரிய கறுப்புக் குடை. அவரைக் கண்டதும் மற்ற இருபத்தேழு பேரும் இரண்டடி தள்ளி நின்றார்கள்.

யார் இவர் என்று ஒரு நார்வேக்காரியிடம் விசாரித்தாள். பேர் லுட்கர், ஜெர்மனியில் பிரேமன் நகரத்துக்காரர், கார் ஓட்டுநர் உரிமத்துக்குப் பரீட்சை வைக்கிற அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர் என்று தெரிந்தது. முப்பத்து நாலு வருடத்தில் எவருக்கும் முழு மதிப்பெண் போட்டதில்லை என்று அவரே பெருமையாகச் சொல்வாராம். அது கிடக்கட்டும், முக்கியமானது வேறு என்றாள் அந்த நார்வேக்காரி. கப்பல் இதுவரை ஐந்து துறைமுகத்தில் நின்றது. ஐந்திலும் லுட்கர் எந்த பஸ்ஸில் ஏறினாரோ அந்த பஸ் போன ஊரில் மட்டும் மழை. எட்டு நாளாக அவருக்கு முன் வரிசையும் பின் வரிசையும் காலியாகவே வருகின்றன.

மிம்மா அவரிடமே போய், வீட்டம்மா கூட வரவில்லையா என்று தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"கப்பல்லேருந்து ஒண்ணாத்தான் இறங்கினோம்," என்றார் லுட்கர். "அவ உப்பளம் பாக்கப் போற பஸ்ல ஏறிட்டா. ஒரு நாளாவது காய்ஞ்ச துணியோட இருக்கணுமாம்."

மிம்மா பிலாரியாரைத் திரும்பிப் பார்த்தாள். அவர் எதையும் காட்டிக்கொள்ளவில்லை.

சரியாகப் பதினோரு மணிக்கு, அவள் கையை நீட்டி, அதோ இடது பக்கம் முதல் தீவு என்று சொல்லும்போதே அந்தத் தீவைக் காணோம். அடுத்த வாக்கியத்துக்குள் இரண்டாவதும் மறைந்தது. மேற்கிலிருந்து கரிய மேகம் ஒன்று, வாடகை பாக்கி கேட்க வருகிறவன் மாதிரி நேராக இவர்களைப் பார்த்து வந்தது. முதல் சொட்டு மாலையில் தொங்கிய ஒரு கருவாட்டின் மேல் விழுந்தது. இரண்டாவது மிம்மாவின் மூக்கில். மூன்றாவதை யாரும் எண்ணவில்லை. அண்டாவைக் கவிழ்த்த மாதிரி கொட்டியது.

கப்பல்காரர்கள் ஆளுக்கொரு பிளாஸ்டிக் மழையாடையைப் பையிலிருந்து எடுத்துத் தலைவழியாக மாட்டிக்கொண்டு, கோயில் வாசல் வளைவுக்கடியில் ஒண்டினார்கள். எல்லாருடைய கண்ணும் லுட்கர் மேல்தான். அவர் குடையை விரித்தார், பழக்கப்பட்ட கை.

ஊர்க்காரர்களுக்கோ பைத்தியமே பிடித்துவிட்டது. கோயில் மணியை யாரோ தாறுமாறாக அடித்தார்கள். கதவுகள் திறந்தன. வாளி, குடம், அண்டா, குழந்தை குளிப்பாட்டும் தொட்டி, பூச்சாடி, ஒரு பழைய தலைக்கவசம் எல்லாம் தெருவுக்கு வந்தன. எண்பது வயது தபால்காரர் சட்டையைக் கழற்றி எறிந்துவிட்டுத் தெரு நடுவில் வாயைத் திறந்துகொண்டு நின்றார். கலோஜெரோ மாமா சேற்றில் மண்டியிட்டு அழுதார்.

மிம்மாவுக்கும் அழுகைதான் வந்தது, காரணம் வேறு. ஆனாலும் வாயை மூடவில்லை. வழிகாட்டி அல்லவா. அந்த வெள்ளைப் புகைக்குப் பின்னால் ஒரு கோட்டை இருக்கிறது, நீங்கள் இப்போது பார்க்காதது பன்னிரண்டாம் நூற்றாண்டில் கட்டியது என்று கையை வீசி வீசிச் சொன்னாள். ஒருவர் அந்தப் புகையைப் படமும் எடுத்துக்கொண்டார்.

சாப்பாட்டையாவது காப்பாற்றலாம் என்று கஸ்பரா வீட்டுக்கு ஓடினாள். விருந்துக்கு ஏற்பாடு அங்கேதான். மீன் குழம்பும், அதை ஊற்றிச் சாப்பிடும் கோதுமை ரவைக் கூஸ்கூஸும் தயாராக இருந்தன. பந்தலடியில் நீள மேசை இருந்தது. மேசை மேல் ஒன்றுமில்லை. தட்டு, கிண்ணம், கரண்டி வைத்த கூடை, குழம்பு ஊற்றும் பெரிய பாத்திரம் எல்லாம் வீட்டுக் கூரையில் வரிசையாக மழை பிடித்துக்கொண்டிருந்தன. கஸ்பரா ஏணி உச்சியில் நின்று இன்னும் இரண்டு தட்டுக்கு இடம் தேடினாள்.

"தட்டு வேணும்க்கா. இருபத்தெட்டுப் பேரு பசியோட நிக்கிறாங்க."

"மழை நிக்கட்டும், தரேன்."

"அது எப்ப நிக்கும்?"

"வாயக் கழுவுடி. ஏழு மாசம் கழிச்சு வந்திருக்கு, நிக்கச் சொல்லிக் கேக்குறா பாரு."

மிம்மா திரும்பி வரும்போது சதுக்கத்தில் வேறொரு சிக்கல். மழை வந்த உடனே பிலாரியாரை உள்ளே கொண்டுபோக வேண்டும். தாமதித்தால் அவருக்குக் கோபம் வந்துவிடும். முன்னொரு தரம் சீட்டாட்டம் முடியட்டும் என்று அரை நாள் தள்ளிப்போட்டதில் ஆற்றுப் பாலமே போயிற்று. ஆனால் பீடத்தோடு அவரைத் தூக்கப் பன்னிரண்டு தோள் வேண்டும். இளைஞர்கள் பாதிப் பேர் வெளிநாட்டில், மீதிப் பேர் கீழே உப்பளத்தில். இருந்தது ஏழு கிழவர்கள். கலோஜெரோ மாமா தலையை நிமிர்த்தி, வளைவுக்கடியில் ஒண்டியிருந்த இருபத்தெட்டுப் பேரையும், சந்தையில் மாடு பார்க்கிறவர் மாதிரி ஒரு பார்வை பார்த்தார்.

"மாமா, வேண்டாம்," என்றாள் மிம்மா. "அவங்க சுத்திப் பாக்க வந்தவங்க."

"பாக்கட்டும். கிட்டக்க வந்து பாக்கட்டும்."

அவள் மொழிபெயர்க்குமுன்பே ஒரு டச்சுப் பல் வைத்தியர் கையை உயர்த்திவிட்டார். சும்மா நின்று நனைவதைவிட ஏதாவது செய்துகொண்டு நனையலாம் என்று தோன்றியிருக்கும். நார்வேக்காரியும் அவள் அக்காவும் வந்தார்கள். மாமா தடுத்தார், பெண்கள் தோள் கொடுக்கிற வழக்கம் இல்லையாம். எல்லாரும் தலை முதல் கால் வரை ஒரே நீலப் பிளாஸ்டிக்கில் இருக்கும்போது யார் ஆண், யார் பெண் என்று பிலாரியாருக்கு எங்கே தெரியப்போகிறது என்று மிம்மா கேட்டாள். மாமா கொஞ்சம் யோசித்து, எனக்கும் தெரியவில்லைதான் என்று ஒப்புக்கொண்டார்.

அடுத்தது வாசல். பிலாரியார் ஊருக்கு முதுகு காட்டக் கூடாது. முகம் ஊரைப் பார்த்தபடி, பின்பக்கமாகவே ஐந்து படி ஏறி, ஒடுங்கின வாசலுக்குள் நுழைய வேண்டும். பழகின இளைஞர்களுக்கே தண்ணி காட்டும் வேலை. ஏழு கிழவர்களும் ஐந்து விருந்தாளிகளும் முதல் தடவை ஏறினபோது பீடம் இடது பக்கம் சாய்ந்து, புனிதரின் முழங்கை நிலையில் இடித்தது. ஊரே உச்சுக்கொட்டியது.

அப்போதுதான் லுட்கர் குடையை மடக்கிவிட்டு முன்னால் வந்தார். படி ஏறி வாசலை அளந்தார். இறங்கிப் பீடத்தைச் சுற்றி வந்து அதையும் அளந்தார். அவர் முகத்தில் எட்டு நாளாக இல்லாத ஒரு களை வந்திருந்தது.

"எல்லாரும் கீழ இறங்குங்க. முதல்லேருந்து," என்றார்.

மிம்மா மொழிபெயர்த்தாள். கிழவர்கள் முணுமுணுத்துக்கொண்டே இறங்கினார்கள்.

"பின்னால எடுக்கும்போது வேகம் கூடாது. வலது பக்கம் ஒரு அடி. நில்லுங்க. கண்ணாடியப் பாருங்க."

"என்னம்மா சொல்றாரு?" என்றார் பீடத்துக்கடியிலிருந்து கலோஜெரோ மாமா.

"கண்ணாடியப் பாக்கச் சொல்றாரு மாமா."

"எந்தக் கண்ணாடி?"

"தெரியல. பாத்த மாதிரி தலைய ஆட்டுங்க."

மாமா ஆட்டினார். லுட்கருக்குத் திருப்தி. இரண்டாவது தடவை மூன்றாம் படியில் பல் வைத்தியர் அவசரப்பட்டதால் மறுபடி எல்லாரையும் கீழே இறக்கினார். மழை கொட்டியது, ஒருவரும் எதிர்த்துப் பேசவில்லை. மூன்றாவது தடவை பிலாரியார் வெண்ணெயில் கத்தி இறங்குவது போல வாசலுக்குள் போனார், இரண்டு பக்கமும் ஒரே அளவு இடம் விட்டு. ஊர் கைதட்டியது. கப்பல்காரர்களும் தட்டினார்கள்.

உள்ளே மாமா மண்டியிட்டு, பதினோரு நாள் கருவாடு மாட்டினதற்குக் கண்ணீரோடு மன்னிப்புக் கேட்டார். மிம்மா அதையும் மொழிபெயர்த்தாள். நார்வே அக்கா தங்கை இரண்டு பேரும் ஏனென்று தெரியாமல் சேர்ந்து அழுதார்கள். அப்புறம் எழுந்த மாமாவுக்கு ஒரு சந்தேகம் வந்தது. எல்லாரும் நீலப் பிளாஸ்டிக்கில் இருக்க, இவர் ஒருவர் மட்டும் எப்படி முன்கூட்டியே மழைக்கோட்டோடு வந்தார்? மிம்மா வேறு வழியில்லாமல் ஐந்து துறைமுகத்துக் கதையையும் சொன்னாள்.

கலோஜெரோ மாமா தொப்பியைக் கழற்றினார். லுட்கரின் இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டார்.

"இத்தன நாளா எங்கய்யா இருந்தீங்க?" என்றார்.

செய்தி வாய்க்கு வாய் பரவி, பெண்கள் ஒவ்வொருத்தியாக வந்து அந்த மழைக்கோட்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். எட்டு நாளாக எல்லாரும் ஒதுக்கி வைத்திருந்த மனிதர், முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் குடையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

மாலையிலிருந்து கழற்றிய கருவாட்டை ஊரில் எல்லாரும் ஆளுக்கொரு துண்டு தின்ன வேண்டும் என்பது வழக்கம். ரொட்டிக்குள் வைத்து விருந்தாளிகளுக்கும் கொடுத்தார்கள். கூஸ்கூஸைப் பாத்திர மூடிகளில் போட்டு, மூடிக்கு நாலு பேர் என்று கோயில் பெஞ்சுகளில் உட்கார்ந்து கையால் சாப்பிட்டார்கள். குழம்பில் மழை விழுந்து இரண்டு பங்காகியிருந்தது. ருசி பாதியாயிற்று, ஆனால் எல்லாருக்கும் போதுமாக இருந்தது.

நாலு மணிக்கு பஸ் கிளம்பியது. அந்த நிமிடமே மழை நின்றது. மூன்று தீவுகளும் கழுவித் துடைத்து வைத்த மாதிரி பளிச்சென்று தெரிந்தன. பார்க்கத்தான் ஆளில்லை.

மதிப்பெண் தாள்களை வாங்கிப் பைக்குள் போட்டு, மறுநாள் தபாலில் அனுப்ப வேண்டியது மிம்மாவின் பொறுப்பு. வளைவுக்கடியில் நின்று ஒவ்வொன்றாகப் புரட்டினாள். நனைந்த கையால், நனைந்த தாளில், மைப்பேனாவால் எழுதியவை. இருபத்தேழு தாளிலும் நீலக் குளம்தான் இருந்தது, ஓர் எழுத்துத் தேறவில்லை. ஒரே ஒரு தாள் மட்டும் காய்ந்து, மொடமொடவென்று, தெளிவாக இருந்தது. குடைக்கடியில் எழுதியது. லுட்கருடையது.

அவள் படித்தாள். எல்லாம் ஐந்துக்கு. கடற்காட்சி: பூஜ்யம். விருந்து: ஒன்று. நேரம் தவறாமை: ஒன்று. வழிகாட்டி: மூன்று. அடியில் பொடிப்பொடியாக ஏதோ நாலு வரி. அந்தக் கையெழுத்தைப் படிக்க மிம்மாவின் ராத்திரிப் பள்ளி ஜெர்மன் போதவில்லை.

அவளுக்குத் தங்கையின் சலவை நிலையம் கண்முன்னால் வந்தது. எதிர்வீட்டுக் கூரையிலிருந்து தண்ணீர் இன்னும் தாரையாக வழிந்துகொண்டிருந்தது. தாளை அதற்கடியில் அரை நிமிடம் பிடித்தால் போதும், இருபத்தெட்டும் நீலக் குளமாகிவிடும். கையை நீட்டவும் நீட்டினாள். அப்புறம் திறந்திருந்த கோயில் வாசல் வழியாகப் பார்த்தால், ஊருக்கு முகம் காட்டி நிற்கிற பிலாரியார் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். காலையில் ஒரு கள்ளத்தனம் செய்தாயிற்று, ஒரே நாளில் இரண்டு வேண்டாம் என்று தாளை மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டாள். மறுநாள் தானே தபாலில் போட்டாள்.

நவம்பரில் பதில் வந்தது. பெட்டி கட்டுகிற வேலையைப் பாதியில் போட்டுவிட்டு உறையோடு கோயிலுக்கு ஓடினாள் மிம்மா. தனியாகப் பிரிக்கத் தைரியம் இல்லை. கலோஜெரோ மாமா அங்கே பீடத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். தாளில் இருந்ததையெல்லாம் கம்பெனிக்காரர்கள் தட்டச்சு செய்து அனுப்பியிருந்தார்கள், லுட்கரின் நாலு வரியையும் சேர்த்து. அவள் நின்றபடி படித்தாள்.

காட்சி தெரியவில்லை, தட்டு தரவில்லை, குறிப்பில் சொன்ன எதுவும் நடக்கவில்லை, அதனால் அந்த மதிப்பெண்களை மாற்றுவதற்கில்லை என்று எழுதியிருந்தார் லுட்கர். ஆனால் படி ஏற்றத்துக்குத் தாளில் இடம் விடாதது கம்பெனியின் தவறு. அதற்கு ஐந்துக்கு ஐந்து. மறுபடி வருவீர்களா என்ற கேள்விக்கு, வருவேன், அடுத்த முறை மனைவியையும் அழைத்து வருவேன், அவளும் பார்க்க வேண்டும்.

அதற்குக் கீழே கம்பெனியின் முடிவு. மற்றவர்கள் தாள் படிக்க முடியாத நிலையில் இருந்தாலும், பலர் கப்பலுக்கு வந்து இதைப் பற்றியே பேசியிருக்கிறார்கள். ஆகவே மே மாதம் முதல் ஒன்றுவிட்டு ஒரு புதன்கிழமை பஸ் வரும். குறிப்பிலிருந்து வெயிலையும் கடற்காட்சியையும் நீக்கிவிடவும். அதற்குப் பதில் மழையும் ஊர்வலமும் சேர்க்கவும். இரண்டும் பதினோரு மணிக்குத் தவறாமல் தொடங்க வேண்டும்.

மிம்மா கடைசி வரியை இரண்டு தடவை படித்தாள். மாமா துணியைக் கீழே வைத்துவிட்டு, சுவர் அலமாரியைத் திறந்து கருவாட்டு டின்னை எடுத்தார்.

"கருவாடு வேணாம் மாமா," என்றாள் அவள். பஸ் வந்த அன்று விடியற்காலை நடந்ததையெல்லாம் சொல்லிவிட்டாள், தம்ளர், கைக்குட்டை, நாலு மணிக் கெஞ்சல் எல்லாம்.

மாமாவின் முகம் சிவந்தது. அவர் கத்துவதற்குள் மிம்மா முந்திக்கொண்டாள்.

"கருவாடு போட்டுப் பதினோரு நாள் ஆச்சு. தண்ணி குடுத்து அஞ்சு மணி நேரம். நீங்களே கணக்குப் பாருங்க."

அவர் விரல்விட்டுப் பார்த்தார். டின்னை அலமாரியில் திரும்ப வைத்தார். வாசலில் யாரும் இல்லையே என்று எட்டிப் பார்த்துவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறி, தன் கைக்குட்டையைத் தண்ணீரில் நனைத்து, பிலாரியாரின் உதட்டை ரொம்ப மெதுவாகத் துடைத்தார். மே மாதம், புதன்கிழமை, பதினோரு மணி என்று அவர் காதில் சொன்னார். ஒன்றுவிட்டு ஒன்று என்பதையும் மறக்காமல் சொன்னார்.

இறங்கி, நாற்காலியைப் பழைய இடத்திலேயே இழுத்துப் போட்டார்.

"அந்த ஜெர்மன்காரருக்கும் ஒரு கடுதாசி போட்டுரு பிள்ளே," என்றார். "எதுக்கும் இருக்கட்டும்."